அளவறிந்து அளித்தல்

சாலையில் அடிபட்டு வீழ்ந்தவரின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்னும் கொள்கைக்குத் தமிழ்நாடு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் செயல்வடிவம் தந்தது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற அத்திட்டத்தின்கீழ், விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும், கையில் காப்பீட்டு அட்டை இருப்பினும் இல்லாவிடினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. திட்டம் தொடங்கப்பெற்ற மேல்மருவத்தூரும், ஊர்திகள் ஓயாமல் நெருக்கியடித்துச் செல்லும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் ஆகிய ஊர்களும் ஜி.எஸ்.டி. சாலை என்னும் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்தவை. அந்தச் சாலையின் இருமருங்கும் வாழ்வோர்க்கு இத்திட்டத்தின் அருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. அதனைப் பாராட்டுவதில் எவருக்கும் தயக்கம் இருக்கலாகாது.

ஆயினும், நாற்பத்தொன்பதாம் மணி நேரத்திலிருந்து தொடங்குவது வேறொரு வாழ்க்கை. தண்டுவடம் முறிந்தவர், தலையில் அடிபட்டவர், பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவர் ஆகியோரின் உயிர் தப்பிவிடுகிறது, கால் எழவில்லை. 'இனி வீட்டிலேயே பயிற்சி செய்யுங்கள்' என்ற ஒற்றை வரியோடு மருத்துவமனை அவர்களை அனுப்பிவைக்கிறது. வீடு திரும்பும் வழியில் குடும்பத்தார் 'சர்ஜிகல்ஸ்' என்று பெயர்ப்பலகை தாங்கிய ஒரு கடையில் நிற்கிறார்கள். எந்தச் சக்கர நாற்காலி வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். மருத்துவர் சொல்லாத விடையைக் குடும்பத்தார் எவ்வாறு அறிவர்? கையிலிருக்கும் பணமும் கடையிலிருக்கும் சரக்கும் சேர்ந்து முடிவெடுக்கின்றன. ஒரு மனிதர் வாழ்நாளில் எஞ்சிய பகுதியை எப்படி அமர்ந்து, எப்படி எழுந்து, எவ்வளவு தூரம் நகர்ந்து கழிக்கப்போகிறார் என்பது சில நிமிடங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

அண்மைக்காலமாக இந்தக் கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் புதிய கருவி ஒன்று இடம்பிடித்துள்ளது. நடைப்பயிற்சிச் சக்கர நாற்காலி என்று அதனை அழைக்கிறார்கள். மின்கலத்தால் இயங்கும் இந்நாற்காலி மூன்று பணிகளைச் செய்ய வல்லது. அமர்ந்த நிலையில் வண்டியாக ஓடும். பொத்தானை அழுத்தினால் இருக்கை மெல்ல உயர்ந்து, முழங்காலுக்கு முன்னே ஒரு தடுப்பும் மார்பையும் இடுப்பையும் தாங்கும் பட்டைகளும் துணைநிற்க, அமர்ந்தவரை நிற்கவைக்கும். பின்னர் கால்தாங்கியை ஒதுக்கிவிட்டால், உடலின் எடையில் ஒரு பகுதியைப் பட்டைகளே ஏந்திக்கொள்ள, அவர் தம் கால்களால் தரையை மிதித்து அடியெடுத்து வைக்கலாம். நாற்காலி அவருடனேயே நகரும். தடுமாறினாலும் விழமாட்டார். விலை லட்சத்தைத் தாண்டும். அதை வாங்குவதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. 'அப்பா மறுபடியும் நடந்துவிடுவார்' என்ற நம்பிக்கைக்கு விலை பேச எவருக்கும் மனம் வருவதில்லை.

இக்கருவியை நாம் பழிக்கவில்லை. தக்கவருக்குத் தக்க காலத்தில் கிடைத்தால் அது பெரும்பயன் அளிக்கும். நாம் வலியுறுத்துவது வேறு. கண்ணைச் சோதிக்காமல் எவரும் மூக்குக்கண்ணாடி வாங்குவதில்லை. உடலைச் சோதிக்காமல், வீட்டை அளக்காமல், பயிற்சியாளரைக் கேட்காமல் சக்கர நாற்காலி வாங்குவதை மட்டும் இந்தச் சமுதாயம் இயல்பென்று ஏற்றுக்கொண்டுள்ளது. சக்கர நாற்காலி என்பது மருத்துவர் எழுதித் தரவேண்டிய சிகிச்சை. அது கடைச்சரக்காகவும் விழா மேடையின் கொடைப்பொருளாகவும் இருக்கும்வரை, நல்ல கருவியும் வீட்டு மூலையில் துணி உலர்த்தும் சட்டமாகத்தான் முடியும்.

முதற்கேள்வி, இவர் நிற்கலாமா என்பதே. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவரைத் திடீரென நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவரிடம் இது மிகுதி. ஆகவே, படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எடை தாங்காத காலெலும்பு தன் வலுவை இழந்திருக்கும். எலும்பின் அடர்த்தியை அறியாமல் அந்தக் காலின்மீது உடலை ஏற்றினால் முறிவு நேரலாம். முழங்காலோ கணுக்காலோ மடங்கியபடியே இறுகிப்போயிருந்தால், முழங்கால் தடுப்பு அந்த மூட்டை நிமிர்த்தாது, நோகடிக்கும். தொடுவுணர்ச்சி இல்லாதவரின் தோலில் பட்டை உரசுவதை அவர் உணரமாட்டார். மாலையில் கழற்றும்போது புண் கண்ணில் படும். பக்கவாதத்தில் வலுவிழந்த கை தோள்மூட்டிலிருந்து நழுவியிருக்கக்கூடும்; அக்கையைப் பற்றித் தூக்குவதும், பட்டையை அக்குளில் இறுக்குவதும் வலியை நிலைக்கச் செய்யும். இவை யாவும் கடைக்காரர் அறிய இயலாதவை. உடலியல் மற்றும் மறுவாழ்வு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சோதித்துச் சொல்ல வேண்டியவை.

இரண்டாம் கேள்வி, இப்போது வேண்டுமா என்பது. உலக ஆய்வுகள் இதில் நமக்கு நிதானத்தைக் கற்பிக்கின்றன. பக்கவாதம் தாக்கிய 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி நடமாடச் செய்தால் விரைவில் தேறுவார் என்ற எண்ணத்தை ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் சோதித்தார்கள். 2015-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது: அவ்வாறு விரைந்து மிகுதியாகப் பயிற்றப்பட்டோரின் நலம், வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் மூன்று மாத முடிவில் குறைந்தே இருந்தது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 2011-இல், அமெரிக்காவில் 408 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வு வெளிவந்தது. உடல் எடையைத் தாங்கும் பட்டைகளோடு ஓடுபட்டையில் நடைபழகியோரையும், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து கால்வலிமைக்கும் சமநிலைக்கும் தந்த பயிற்சியைப் பெற்றோரையும் ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது, முன்னேற்றத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இயந்திரம் செய்ததை மனிதக் கையும் பொறுமையும் செய்துகாட்டின.

அதற்காக இயந்திரம் வீண் என்று முடிவுகட்டுவதும் பிழை. இதுபோன்ற பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், நடைப்பயிற்சிக் கருவியும் இயன்முறைச் சிகிச்சையும் இணைந்தால், துணையின்றி நடக்கும் நிலையை எட்டுவோர் மிகுதியாவர் என்றும், பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களில் உள்ளோரும் அறவே நடக்க இயலாதோரும் அதனால் கூடுதல் பயன்பெறுவர் என்றும் கூறுகின்றனர். இதில் 'இணைந்தால்' என்பதே உயிர்ச்சொல். பயிற்சியாளர் இல்லாத வீட்டில் நடைப்பயிற்சி நாற்காலி வெறும் விலையுயர்ந்த நாற்காலி. மேலும், முதல் சில மாதங்களில் பெரும்பயன் தரும் ஒரு கருவியை, அலைந்து திரிந்து ஓராண்டு கழித்து வாங்குவதில் என்ன பொருள்? அக்காலத்துக்கு மட்டும் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் அதுவே முறையான ஏற்பாடு.

மூன்றாவது, அளவு. சந்தையில் மலிந்து கிடக்கும் மடக்கு நாற்காலியின் இருக்கை 18 அங்குல அகலம் கொண்டது. மெலிந்த உடல்வாகுள்ள ஒரு மூதாட்டியை அதில் அமர்த்திப் பாருங்கள். இரு குழாய்களுக்கிடையே கட்டிய ரெக்சின் இருக்கை நாளடைவில் தொய்ந்து தூளிபோல் ஆகிறது. தொடைகள் உள்நோக்கிச் சரிகின்றன. இடுப்பு ஒருபுறம் தாழ்கிறது. வலுவிழந்த பக்கமாக உடல் சாய்கிறது. சாய்வைத் தடுக்க ஒரு தலையணை செருகப்படுகிறது. நழுவி முன்னே வரும் உடலை மகள் மணிக்கொரு முறை அக்குளில் கைகொடுத்துப் பின்னுக்கு இழுக்கிறாள். ஒவ்வோர் இழுப்பிலும் வால் எலும்பின் மேலுள்ள தோல் உராய்கிறது. அழுத்தப் புண் அங்கேதான் பிறக்கிறது. நடக்கப் பயில வேண்டியவர் புண்ணுக்கு மருந்திட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறார்.

சரியான அளவெடுப்பு கடினமான கலையன்று. இடுப்பின் அகலத்தோடு சிறிதளவே இடைவெளி சேர்த்து இருக்கையின் அகலம் அமைய வேண்டும். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்க, முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். பாதம் கால்தாங்கியில் முழுமையாகப் படிந்து, தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நடைப்பயிற்சி நாற்காலியாயின் இன்னும் சில சேரும். முழங்கால் தடுப்பின் உயரம் முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி மாற்றியமைக்க முடிகிறதா? எழும்போது இருக்கையின் அச்சும் இடுப்பு மூட்டும் ஒருசேர நகர்கின்றனவா, அல்லது பட்டை மேலேறி மார்பை நெரிக்கிறதா? வலப்புறம் செயலிழந்தவர்க்கு இயக்குகுமிழை இடக்கைப் பக்கம் பொருத்தித் தருவார்களா? மின்சாரம் தீர்ந்துபோனால் நின்ற நிலையிலிருந்து அமர்த்தக் கையால் இயக்கும் வழி உண்டா? விசையை விட்டதும் சக்கரம் தானே பூட்டிக்கொள்கிறதா? அது தாங்கும் எடை எவ்வளவு? இவற்றுக்கு விடை சொல்லாத விற்பனையாளரிடம் பணத்தை எண்ணி வைக்கலாகாது.

நான்காவது, வீடு. இங்கேதான் தாம்பரம் வட்டாரத்துக்கே உரிய இடர் ஒன்று குறுக்கே நிற்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரப் பகுதிகளை மூழ்கடித்ததை மக்கள் மறக்கவில்லை. அதன்பின் கட்டிய வீடுகளின் அடித்தளம் உயர்ந்தது; பழைய வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தினோரும் உண்டு. சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்வதால், முன்னெச்சரிக்கையாக மேலும் ஓரடி ஏற்றிக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. வெள்ளத்துக்கு அது காப்பு. சக்கர நாற்காலிக்கு அது கோட்டைச்சுவர். மைய அரசின் 2021-ஆம் ஆண்டு அணுகுதல் நெறிமுறைப்படி, ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். மூன்றடி உயர்த்திய வீட்டுக்கு 36 அடி. அரை கிரவுண்டு மனையில் அதற்கு இடமேது? தெருவில் இறக்கிப் போட்ட செங்குத்தான கான்கிரீட் சரிவில் எடைமிக்க மின் நாற்காலியை ஏற்றுவதும் இறக்குவதும் உயிருக்கே இடர். குளியலறைக் கதவோ பெரும்பாலான அடுக்ககங்களில் இரண்டரை அடிக்கும் குறைவு. நாற்காலி வாசலில் நின்றுவிட, நோயாளியை எஞ்சிய தூரத்துக்குத் தூக்கிச் செல்வது வீட்டுப் பெண்களே. அவர்களுடைய முதுகெலும்பு தேய்வதை எந்தக் கணக்கேடும் பதிவு செய்வதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழ்வோர்க்கு உப்புக்காற்று வேறு. இரும்புச் சட்டமும் தாங்குருளைகளும் விரைவில் துருப்பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கருவியின் ஓர் இணைப்புப் பலகை பழுதானால், அது கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். உதிரிப்பாகம் சென்னையில் கிடைக்குமா, பழுதுநீக்குபவர் வீட்டுக்கு வருவாரா, மின்கலத்துக்கு உறுதிப்பத்திரம் எத்தனை ஆண்டு என்பவற்றை எழுத்தில் பெறாமல் வாங்குவது அறிவுடைமையாகாது.

உள்நாட்டில் வழியில்லாமலும் இல்லை. தென்சென்னையிலேயே, கிண்டி வனத்தை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மற்றும் கருவி உருவாக்க மையம் இத்துறையில் நாட்டுக்கே வழிகாட்டுகிறது. லண்டன் வெல்கம் அறக்கட்டளையின் உதவியோடு அம்மையம் வடிவமைத்து, சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கிய 'அரைஸ்' என்னும் நிற்கும் நாற்காலி 2019 நவம்பரில் வெளியிடப்பட்டது. மின்மோட்டார் இல்லாமல், அமர்ந்தவர் தம் கைவலிமையாலேயே எழுந்து நிற்கும்படி அமைந்தது அது. அறிமுகமானபோது அதன் விலை ஏறத்தாழ 15,000 ரூபாய். அதே மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம், பயனாளரின் உடலளவைக் கேட்டுப் பெற்று அதற்கேற்ப 'நியோஃபிளை' நாற்காலியைச் செய்துதருகிறது. ஐ.ஐ.டி. மையத்தின் ஆக்கமாக 2025-இல் வெளிவந்த 'ஒய்டி ஒன்' நாற்காலி ஒன்பது கிலோ எடை மட்டுமே உடையது.

இக்கருவிகளின் சிறப்பைச் சொல்லும்போதே அவற்றின் எல்லையையும் சொல்வது கடமை. 'அரைஸ்' நாற்காலி இரு கைகளும் வலுவாக உள்ள, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்க்கு உரியது. ஒரு கை ஒரு கால் முடங்கிய பக்கவாத நோயாளிக்கு அது பொருந்தாது. நிற்பது வேறு, நடக்கப் பயில்வது வேறு. நிற்பதால் தோலின் அழுத்தம் குறையலாம், குடலியக்கம் சீராகலாம், எதிரே நிற்பவரின் கண்ணுக்கு நேராகப் பேசலாம். அவ்வளவே ஒருவருக்குத் தேவையென்றால், நடைப்பயிற்சி நாற்காலிக்கு லட்சங்களைச் செலவிடுவது வீண். கருவிகளின் பட்டியல் நீளும்போது தேர்ந்து சொல்லும் அறிஞரின் தேவையும் வளர்கிறது.

இனி, அரசு செய்வதையும் செய்யத் தவறுவதையும் நோக்குவோம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் வழங்கும் மைய அரசின் 'அடிப்' திட்டம் 1981-லிருந்து நடைமுறையில் உள்ளது. கான்பூரில் 1972-இல் நிறுவப்பட்ட அலிம்கோ நிறுவனம் அதற்கான கருவிகளைச் செய்கிறது. தமிழ்நாடு அரசு தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மின்கல நாற்காலியும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவியும் வழங்குகிறது. இவை சிறு செயல்களல்ல. ஆனால் வழங்கும் முறை? திருமண மண்டபத்தில் பந்தல், வரிசையாய் ஒரே அளவில் நாற்காலிகள், மேடையில் பிரமுகர், நிழற்படம். இந்த முறையில் அரசும் தொண்டு நிறுவனங்களும் வணிகக் குழுமங்களும் வேறுபாடின்றி ஒன்றுபட்டுள்ளன. எத்தனை நாற்காலி வழங்கினோம் என்ற கணக்கு ஆண்டறிக்கையில் ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து அவற்றில் எத்தனை பயனில் உள்ளன என்ற கணக்கை எவரும் கேட்பதில்லை.

உலக நலவாழ்வு அமைப்பு 2008-இலேயே சக்கர நாற்காலி வழங்குவதற்கு எட்டுப் படிகளை வகுத்துத் தந்தது. பரிந்துரை, மதிப்பீடு, தேர்ந்தெழுதுதல், நிதியும் கொள்முதலும், கருவியை ஆயத்தம் செய்தல், உடலுக்குப் பொருத்துதல், பயனாளர்க்குப் பயிற்சி, பழுதுநீக்கமும் தொடர்கண்காணிப்பும். இந்த எட்டில் நம் முகாம்கள் நடுவிலுள்ள கொள்முதலை மட்டும் செவ்வனே செய்கின்றன. அந்நெறிமுறை செல்வ நாடுகளுக்காக எழுதப்பட்டதன்று. வசதி குறைந்த நாடுகளை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. ஆகவே, ஏழ்மையைக் காரணம் காட்டித் தப்ப இயலாது.

தாம்பரம் வட்டாரத்தின் நிலை என்ன? ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றிணைந்து 2021 நவம்பரில் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற அரசு நிலையம் சென்னை கே.கே. நகரில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. உலக வங்கி நிதியுதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையம் சோழிங்கநல்லூரில் உள்ளது. நிலப்படத்தில் இவை அருகருகே தோன்றும். ஆனால், எழுந்து அமரவே இருவர் துணை வேண்டிய ஒருவரைப் பெருங்களத்தூரிலிருந்தோ மாடம்பாக்கத்திலிருந்தோ வாரம் மூன்று நாள் அங்கெல்லாம் அழைத்துச்செல்ல ஆட்டோக் கட்டணம் எவ்வளவு, உடன் செல்பவர் இழக்கும் நாட்கூலி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் தொலைவு விளங்கும். மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்ட்டு முதல் தாழ்தளப் பேருந்துகளை மீண்டும் இயக்கி வருவது நல்ல தொடக்கம். அப்பேருந்து நிற்கும் இடம்வரை நாற்காலியை உருட்டிச் செல்ல நடைபாதை வேண்டுமே! அணுகுவசதியின் குறைந்த அளவுத் தரங்கள் அறிவுரையாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஜி.எஸ்.டி. சாலையின் உடைந்த நடைபாதைக் கற்களுக்கு அத்தீர்ப்பு இன்னும் எட்டவில்லை.

நெடுங்காலப் பராமரிப்பு இந்த ஊருக்குப் புதிதன்று. டாக்டர் சவுரிமுத்து 1928-இல் இங்கே காசநோய் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத அக்காலத்தில், நல்ல காற்று, ஓய்வு, உணவு, மாதக்கணக்கான பொறுமை ஆகியவற்றால் நோயாளிகளைத் தேற்ற முயன்ற நிலையம் அது. 1937-இல் அரசு அதை ஏற்றது. எய்ட்ஸ் நோயாளிகளைக் கண்டு உலகம் அஞ்சி ஒதுங்கிய காலத்திலும் அம்மருத்துவமனை அவர்களை ஏற்றுச் சிகிச்சையளித்தது. சானடோரியம் என்ற பெயரையே தொடர்வண்டி நிலையத்துக்குத் தந்த ஊர், நடை இழந்தோரின் நீண்ட சிகிச்சைக்கும் முன்னோடியாக விளங்கத் தகுதியுடையது.

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். எல்லோரும் மீண்டும் நடந்துவிட மாட்டார்கள். தண்டுவடம் முழுமையாக அறுந்தவரிடம் 'நாற்காலி வாங்கினால் நடப்பீர்கள்' என்று சொல்வது வணிக உத்தியன்று, கொடுமை. நடக்க இயலாமையும் வாழ இயலாமையும் ஒன்றல்ல. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவர் திரும்ப நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தது. மறுவாழ்வின் இலக்கு காலடிகளை எண்ணுவதில் இல்லை. தம் வாழ்வைத் தாமே நடத்தும் நிலையை ஒருவர் எய்துவதில் உள்ளது. அந்த இலக்குக்கு நடைப்பயிற்சி நாற்காலி வழியென்றால் அதைக் கொடுங்கள். எடை குறைந்த எளிய நாற்காலியே வழியென்றால் அதைக் கொடுங்கள். எது வழியென்று முதலில் கண்டறியுங்கள்.

செய்ய வேண்டியவை இவை. தாம்பரம் அரசு மருத்துவமனையில் வாரம் இருமுறையேனும் சக்கர நாற்காலி மதிப்பீட்டுப் பிரிவு இயங்க வேண்டும்; மறுவாழ்வு மருத்துவர், இயன்முறை மருத்துவர், கருவி வல்லுநர் மூவரும் ஒரே அறையில் அமர்ந்து நோயாளியை அளந்து எழுதித் தரவேண்டும். அங்கேயே பலவகை நாற்காலிகளை அமர்ந்தும் நின்றும் நடந்தும் பார்க்கும் வசதி இருக்க வேண்டும். விலைமிக்க நடைப்பயிற்சிக் கருவிகளை மூன்று மாதம், ஆறு மாதம் என இரவல் தரும் கருவிநிலையம் ஒன்றை மாநகராட்சி தொடங்க வேண்டும். ஒரு கருவி பல குடும்பங்களுக்குப் பயன்படும், எந்தக் குடும்பமும் கடனில் மூழ்காது. 2021 ஆகஸ்ட்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு வீடாகச் செல்கிறார்கள். படியின் உயரம், கதவின் அகலம், குளியலறைத் தரை ஆகியவற்றை அளந்து குறிப்பெழுதும் பொறுப்பையும், அதற்குரிய நேரத்தையும் அவர்களுக்கு அளிக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னான மறுவாழ்வுக் காலத்தையும், பொருத்தமான நாற்காலியையும் தன் வரம்புக்குள் கொள்ள வேண்டும். பழுதுநீக்கும் பட்டறையில் ஐ.டி.ஐ. பயின்ற இளைஞர்களையும், நாற்காலியைப் பயன்படுத்தி அதன் நுட்பமறிந்த மாற்றுத்திறனாளிகளையும் பணியமர்த்த வேண்டும். எட்டுப் படிகளையும் நிறைவேற்றியதற்குச் சான்றில்லாத எந்த நாற்காலிக்கும் அரசுப் பணம் செலவிடப்படலாகாது.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். அவசரப்படாதீர்கள். வாங்கும் முன் இயன்முறை மருத்துவரைக் கடைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வர இயலாவிடின் அளவுகளை எழுதி வாங்கிச் செல்லுங்கள். நோயாளியை அமர்த்தி, நிற்கவைத்து, அரைமணி நேரமேனும் பார்த்த பின்னரே முடிவெடுங்கள். கழற்றிய பின் தோலில் சிவப்பு மறைகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதை விரும்புகிறார் என்று நோயாளியையே கேளுங்கள், அமரப்போகிறவர் அவர்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மறுவாழ்வைச் சலுகையாகக் கருதவில்லை. அரசின் பொறுப்பாக வைத்துள்ளது. 2011 கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். முதல் 48 மணி நேரத்துக்குப் பொறுப்பேற்கும் துணிவு கொண்ட அரசு, அதற்குப் பின்வரும் 48 வாரங்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும். தாம்பரத்தில் அதைத் தொடங்குக.